இரண்டாம் தரம் கேட்காதவர்

அவர் ஒரு கேள்வியை ஒரு தரம்தான் கேட்பார். பதில் கிடைத்தால் தலையை அசைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவார். பதில் கிடைக்காவிட்டாலும் அதே தலையசைப்புத்தான். சொன்னது பொய் என்று தெரிந்த இடத்திலும் அதே தலையசைப்புத்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், சுவிற்சர்லாந்தில், நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஓல்டனுக்கு அப்பால், திரிம்பாக்கைத் தாண்டி மலைக்கு ஏறும் பாதையில் அவருடைய பட்டறை இருந்தது. தகப்பன் துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்துபவர்; அவருக்குப் பிறகு மகளான இவர் தனியே நடத்தினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, நீல மேலங்கி, மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி. அகதிகளுக்கு உதவிய தேவாலயக் குழுவில் இருந்த ஒருவர் என்னை அங்கே கூட்டிப்போனார். ஊரில் நான் மருந்துக்கடையில் மருந்து நிறுத்துக் கொடுத்தவன் என்று அவர் சொன்னதை மட்டும் அந்த அம்மா கவனமாகக் கேட்டார்.

அவர் பேசியது சுவிஸ் ஜேர்மன். எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"கை நடுங்குமோ?"

"இல்லை."

அது பனிமூட்டம் இறங்கிய காலம். கையுறை இல்லாமல் மலையேறி வந்திருந்தேன். அவர் என் உள்ளங்கையில் வைத்த பித்தளைக் கோது விரல்களுக்கு நடுவே ஆடியது. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் தலையசைத்தார். மறுநாள் வேலைக்குப் போனபோது என் மேசை விளிம்பில் மணிக்கட்டைத் தாங்கும் உயரத்தில் ஒரு மரத்துண்டு, தோல் சுற்றி அறையப்பட்டிருந்தது.  மணிக்கட்டை அதன்மேல் வைத்தேன்.

அந்த வேலையை முதலில் சொல்ல வேண்டும். தோட்டாவில் பறந்துபோவது சன்னம். துவக்குக்குள் எஞ்சியிருப்பது கோது, பித்தளையால் ஆன கூடு. பெரிய தொழிற்சாலைகள் குறிப்பிட்ட அளவுகளில்தான் கோது செய்யும். ஆனால் சில வேட்டைக்காரர்களிடமும் குறிபார்த்துச் சுடுபவர்களிடமும் அந்த அளவுகள் எதற்கும் பொருந்தாத துவக்குகள் இருந்தன. யாரோ ஒரு பட்டறைக்காரர் தன் கம்மாலையில் தன் எண்ணப்படி குடைந்த துவக்குக் குழாய்கள். இப்படியான தோட்டாக்களை ஆங்கிலம் பேசுபவர்கள் காட்டுப்பூனை என்று அழைப்பதாகப் பின்னாளில் அறிந்தேன். அவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "வீட்டில பிறந்ததுகள்" என்பார்.

வீட்டில் பிறந்தவற்றுக்குக் கோதும் வீட்டில்தான் செய்ய வேண்டும். கடையில் கிடைக்கும் வேறொரு கோதை எடுத்து, ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் கொழுப்பைப் பூசி, உருக்கு அச்சுக்குள் கைநெம்பால் அழுத்திக் கழுத்தை ஒடுக்குவோம். பித்தளை அழுத்த அழுத்த இறுகும். இறுகியதை மேலும் அழுத்தினால் கழுத்து வெடிக்கும். அதனால் இடையிடையே கழுத்தை நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். கழுத்தும் தோளும் மட்டும் இளக வேண்டும், அடிப்பாகம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். அடி இளகிய கோது சுடும்போது கிழிந்தால் அந்த வெப்பமும் புகையும் பின்பக்கமாக, சுடுபவரின் முகத்துக்கு வரும். அதற்காகக் கோதுகளைத் தட்டில் நிற்கவைத்து அவற்றின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுவோம். மூலையில் ஒரு கறுப்புத் திரை தொங்கும். அதற்குப் பின்னே வெளிச்சத்தைக் குறைத்து, காஸ் சுவாலையைக் கழுத்தைச் சுற்றிக் காட்டி, நிறம் மாறும் கணத்தில் விரலால் தட்டித் தண்ணீருக்குள் விழுத்த வேண்டும். சுவாலை பட்ட கழுத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு கறை நிற்கும். அந்தக் கறையை யாரும் துடைக்கக்கூடாது. எது நெருப்புப் பார்த்தது, எது பார்க்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு கோதையும் விளக்கின் கீழ் உருட்டிப் பார்ப்பார். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுவார். எங்காவது கை நின்றால் இடுக்கிக் குறடு ஒன்றை எடுப்பார். கோதின் வாயைக் குறட்டால் நசுக்கி வாளிக்குள் போடுவார். முதல் கிழமை நான் செய்தவற்றில் பாதிக்கு மேல் வாளிக்குள் போயின. அவருக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். நசுக்கியவற்றில் ஒன்றை எடுத்து, "இதில் என்ன பிழை?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"தெரியாமல் ஏன் நசுக்கினீங்கள்?"

"தெரியாததாலதான்."

அன்று முழுக்க அதை யோசித்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கிப்போனேன்.

திரிம்பாக்கில் நாங்கள் ஒரு வீட்டில் கூட்டாக இருந்தோம். என் அறையில் இருந்தவன் யோகன், மன்னார்க் கத்தோலிக்கன். என்னைவிடச் சில வயது இளையவன். மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஊரில். வந்த நாளிலிருந்து ஒரு நிலையான வேலை கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தான். ஆனாலும் வாய் ஓயாது.

"துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்து, துவக்குக் கம்மாலையில வேலையோ அண்ணை?"

"துவக்கு இல்லையடா. கோது."

"கோதோ? என்ன, தேங்காய்க் கோதோ?"

எங்கள் முதலாளிக்குத் துவக்கு மாமி என்று பெயர் வைத்ததும் அவன்தான். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. "மாமி இண்டைக்கு எத்தினை பேரை நசுக்கினவ?" என்பதுதான் மாலையில் எனக்குக் கிடைக்கும் வரவேற்பு.

சேர்ந்த புதிதில் ஒரு காரியம் நடந்தது. பட்டறையின் நிலவறையில் ஒடுங்கிய நீளமான ஒரு அறை இருந்தது, துவக்குகளைச் சோதித்துச் சுடுவதற்காக. அது எனக்குத் தெரியாது. நெம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது காலுக்குக் கீழே முதல் வெடி கேட்டது. அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது மேசைக்கு அடியில் இருந்து அவருடைய சப்பாத்துகளைப் பார்த்ததுதான். அவர் குனிந்து பார்க்கவில்லை.  பிறகு மேசையில் கோப்பியை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நிலவறைக்கு இறங்குவதற்கு முன் என் பக்கமாக வந்து, "மூண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு விளங்கவில்லை. கீழே மூன்று வெடி கேட்டது. நான்காவது இல்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. "இரண்டு" என்றால் இரண்டு. "ஐந்து" என்றால் ஐந்து. ஒருநாள் மூன்று என்று சொல்லிச் சுட்ட பிறகு இன்னொன்று தேவைப்பட்டிருக்கிறது. அதற்காகக் கீழிருந்து படியேறி மேலே வந்து, மூச்சு வாங்க, "இன்னும் ஒண்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் இறங்கிப்போனார். என்னிடம் என்ன நடந்தது, ஊரில் என்ன கண்டேன் என்று ஒரு சொல் கேட்டதில்லை. வெடிச்சத்தம் எண்ணக்கூடிய ஒன்றாக மாறியதும் அதன் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பாதி இன்றும் இருக்கிறது. போன பாதிக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் எங்களிடம் எல்லோரும் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டார்கள். அகதி விசாரணையின் முறை அது. இராணுவம் வீட்டு வாசலுக்கு வந்தது காலையோ மாலையோ என்று ஒரு தரம். நெடுநேரம் கழித்து, வேறு சொற்களில், அதே இராணுவம், அதே வாசல். இரண்டு பதிலும் பொருந்த வேண்டும். கேட்டவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். உண்மையைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்விகள் நிற்காது. சமைக்கும்போது, "உப்புப் போட்டியோ?" என்று யாராவது இரண்டாம் தரம் கேட்டாலே, முதலில் என்ன சொன்னோம் என்று நெஞ்சு தேடும்.

யோகன் தன் முதல் விசாரணையை முடித்துவிட்டு, தலைநகர் பேர்ணில் நடக்கவிருந்த இரண்டாவதற்காகக் காத்திருந்தான். கையில் ஒரு நிலையான வேலை இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. அவன் முழுமையாக நம்பினான். பட்டறையைக் கூட்டித் துடைக்கவும் சாமான் ஏற்றி இறக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டபோது அவனைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"நல்ல ஆளோ?" என்று கேட்டார்.

"வாய் கொஞ்சம் நீளம்."

"தமிழ் எனக்கு விளங்காதுதானே," என்றார்.

யோகன் வந்தான். துடைத்தான், அடுக்கினான், சுவரில் தொங்கிய திருகு சாவிகளைக்கூடப் பருமன் வாரியாக மாற்றித் தொங்கவிட்டான். அவர் பார்த்துவிட்டு மறுபடி பழைய ஒழுங்கில் மாட்டினார். அவனைக் கோபிக்கவில்லை. மதியம் பாணையும் ஆப்பிளையும் மூன்றாக வெட்டி அவனுக்கும் ஒரு பங்கு வைத்தார்.

அவருடைய கண்டிப்புக்குப் பின்னால் ஒரு சோகக்கதை இருக்க வேண்டும் என்று யோகன் அடித்துச் சொன்னான். "ஒரு காதலன் இருந்திருப்பான் அண்ணை. கோது வெடிச்சுச் செத்திருப்பான். இல்லாட்டித் தகப்பன்ர கண் போயிருக்கும். கேட்டுப் பாருங்கோ." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் கோப்பி வேளையில் துணிந்து கேட்டேன், உங்களுக்குத் தெரிந்த யாராவது இதில் செத்தார்களா என்று.

அவர் ஆப்பிள் தோலைச் சீவி முடித்தார். பிறகு சொன்னார்: "ஒருத்தரும் சாகேல்லை. ஒராள் செத்தால்தான் கவனமாய் இருக்கவேணுமோ?"

இதை யோகனுக்கு மொழிபெயர்த்தேன். அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.

இப்போது அந்தக் கோடை காலத்துக்கு வருகிறேன். கிரவுபுண்டன் மலைப்பகுதியில் பாற்கட்டி செய்யும் ஒரு வேட்டைக்காரருக்கு ஒரு தொகுதி கோது செய்துகொண்டிருந்தோம். அவருடைய துவக்குக் குழாய் எங்கள் முதலாளியின் தகப்பன் குடைந்தது. உலகத்தில் அந்த அளவில் அது ஒன்றுதான். அதற்கு ஏற்ற மூலக்கோதுகள் வெளிநாட்டிலிருந்து பல மாதம் காத்திருந்து வந்தவை. இனி அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. செப்டம்பரில் வேட்டை தொடங்கும். ஆகஸ்ட் கடைசியில் வேலை ஏறத்தாழ முடிந்திருந்தது. கடைசி அழுத்தல் முடிந்து, பெரும்பகுதி இறுதிச் சூடும் பார்த்து, கழுத்தில் நீலக்கறையுடன் தட்டில் நின்றன. இன்னும் சூடு பார்க்காத மீதி பக்கத்துத் தட்டில்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் முதலாளி ஒரு துவக்குச் சூட்டுப் போட்டி விழாவுக்குப் போய்விட்டார். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். யோகன் தனியே இருந்தான். சனிக்கிழமை மாலை அறைக்கு வந்தவன் முகமெல்லாம் வெளிச்சமாக, "ஒரு வேலை செய்து வச்சிருக்கிறன். திங்கக்கிழமை வந்து பாருங்கோ," என்றான்.

திங்கட்கிழமை நான் அவனோடு உள்ளே போனபோது, என் மேசையில் ஒரு பெட்டிக்குள், வெள்ளைத் துணி விரித்து, அத்தனை கோதும் வரிசையாகக் கிடந்தன. கறை ஒன்றிலும் இல்லை. பெருநாளுக்கு மினுக்கிய மெழுகுதிரித் தண்டுகள் போல ஜொலித்தன. அப்படித்தான் அவனும் நினைத்திருக்கிறான். ஊரில் பெருநாளுக்கு முன் கோயில் தண்டுகளையெல்லாம் மினுக்குவது அவன் வீட்டார் பொறுப்பு. பித்தளையில் கறை நின்றால் அவனுடைய கண்ணுக்கு அது செய்யாமல் விட்ட வேலை. சூரிச்சில் லாங்ஸ்ட்ராசே தெருத் தமிழ்க்கடையில் வாங்கிய புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, ஊறவைத்துத் தேய்த்திருக்கிறான்.

"எப்பிடி?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். முகர்ந்தார்.

"என்ன இது?"

"புளி," என்றேன். யோகன் அலுமாரியிலிருந்து மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவர் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"இதைச் சாப்பிடுவீங்களோ?"

"ஓம். மீன் குழம்புக்குப் போடுவம்."

"மீனுக்குச் சரி," என்றார்.

யோகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் இரண்டாவது கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு விளக்கைக் கிட்ட இழுத்திருந்தார். நான் அவருக்கு யோசனை சொன்னேன்: கறை போனால் என்ன, எல்லாவற்றையும் இன்னொரு தரம் சுவாலையில் காட்டிவிடலாமே. அவர் கோதை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். வாய் வழியே பார்த்தால் உள்ளே, அடிக்குக் கிட்ட, பித்தளையின் மஞ்சள் இல்லை. செம்பின் இளஞ்சிவப்பு படர்ந்திருந்தது.

"பித்தளைக்குள்ள செம்பும் துத்தநாகமும் இருக்கு. புளிப்பு துத்தநாகத்தைத் தின்னும். எவ்வளவு ஆழத்துக்குத் திண்டது எண்டது எவ்வளவு நேரம் ஊறினது எண்டதைப் பொறுத்தது." யோகன் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரம்?"

நான் மொழிபெயர்த்தேன். யோகனுடைய முகம் மாறிவிட்டது. சிரிப்பு போய், அந்த இடத்தில் நான் நன்றாக அறிந்த ஒரு முகம் வந்தது. விசாரணை அறைக்கு வெளியே நாற்காலிகளில் எல்லோருக்கும் இருந்த முகம்.

"கொஞ்ச நேரம் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

"உண்மையாவோ?"

"கொஞ்ச நேரம் எண்டு சொல்லுங்கோ. வேலை போயிடும்."

"அவர் கொஞ்ச நேரம் எண்டு சொல்லுறார்," என்று நான் ஜேர்மனில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நீங்கள் பக்கத்தில நிண்டனீங்களோ?"

"இல்லை. நான் காய்ச்சல்."

அவர் தலையசைத்தார். நான் காத்திருந்தேன். அடுத்த கேள்வி வரும், நேரம் என்ன, பாத்திரம் எது, எப்போது கழுவினாய் என்று வரும், யோகன் உளறுவான், எல்லாம் முடியும் என்று நின்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து குறட்டை எடுத்தார்.

"அவரிட்ட வடிவாய்க் கேளுங்கோவன்," என்றேன். எனக்கே ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.  "அந்த மனுசன் எவ்வளவு நாள் காத்திருந்தவர். இரவு முழுக்க ஊறேல்லை எண்டால் கோது நல்லதாயும் இருக்கலாம்."

"பயந்த ஆளிட்ட ரெண்டாந்தரம் கேட்கக்கூடாது," என்றார். "ரெண்டாந்தரமும் அதையே சொல்ல வேண்டி வந்திடும். பிறகு அவரால அதிலயிருந்து இறங்க ஏலாது. பித்தளையிட்ட நான் பயமில்லாமல் கேட்கலாம்."

முதல் கோதை நசுக்கினார். பிறகு இன்னும் இரண்டு குறடுகளை எடுத்து மேசையில் வைத்தார். மூவரும் இருந்து அந்தத் தொகுதி முழுவதையும் நசுக்கினோம். அப்படி அழகான கோதுகளை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஒவ்வொன்றும் வாளியில் விழும்போது யோகனுடைய தோள் சற்றே உயர்ந்து இறங்கியது. முடிந்ததும் அவர் தொலைபேசியை எடுத்து மலைக்குப் பேசினார். "உங்கட கோதுகள் இந்த வருசம் இல்லை. என்ர பட்டறையில பழுதாப் போச்சு. ஓம். எல்லாம். ஓம். என்ர பட்டறையிலதான்." நான் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சனிக்கிழமை அந்த வேட்டைக்காரரே நேரில் வந்தார். அகன்ற மனிதர், கை இரண்டும் பாலில் வெளுத்திருந்தன. வாளிக்குள் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து விரலை நீட்டினார்.

"இவையளோ?"

"என்ர பட்டறை," என்றார் எங்கள் முதலாளி.

"இவையளிட்டக் குடுத்தால் இப்பிடித்தான். ரெண்டு பேரையும் அனுப்பிப்போட்டு எங்கட ஆள் ஒருத்தனைப் பிடியுங்கோ."

முதலாளி நசுங்கிய ஒன்றை எடுத்து, உடைத்து, உட்புறத்தைக் காட்டினார். "பாருங்கோ. வெளியில எவ்வளவு வடிவு. நான் இதைத் தந்திருந்தால் சந்தோசமாய்க் கொண்டுபோயிருப்பீங்கள்."

"அனுப்புவீங்களோ, இல்லையோ?"

"ஒருக்காக் கேட்டீங்கள். எனக்கு விளங்கினது." கடைச்சல் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். திரும்பியவர் தோளுக்கு மேலாகச் சொன்னார்: "மினுக்கினவர் இங்கதான் நிப்பார். உங்கட மாட்டு மணியளைக் கொண்டுவாருங்கோ. அதுகளுக்குப் புளி நல்லது."

வேட்டைக்காரர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். அந்த ஆண்டு அவர் தன் துவக்கோடு வேட்டைக்குப் போகவில்லை.

யோகனுக்குப் பேசியது முழுவதும் விளங்கியிருக்காது. ஆனால் விரல் யாரைக் காட்டியது, முதலாளி யாருக்கு முதுகைக் காட்டினார் என்பது விளங்கியிருக்கும். கூட்டுமாற்றைச் சுவரோடு சாத்திவைத்தான். பிறகு என்னைக் கூப்பிடாமல், இயந்திரத்துக்குக் கிட்டப் போய், தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னான்: "முழு இரவு. வெள்ளிக்கிழமை, முழு இரவு. நான் பொய்."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நன்றி," என்றார். பிறகு மூலைத் திரையை விலக்கி, அவனை உள்ளே வரும்படி கையசைத்தார். சுவாலையைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. வேறு துவக்குக்கான ஒரு சாதாரணத் தட்டுத்தான். திரைக்குப் பின்னால் இரண்டு பேரும் நெடுநேரம் நின்றார்கள். இடையிடையே "இப்ப" என்ற அவருடைய குரலும், கோது தண்ணீரில் விழும் சீறலும் மட்டும் கேட்டன. சிறிது நேரத்துக்குப் பிறகு அந்த "இப்ப" யோகனுடைய குரலில் கேட்டது.

மலையிறங்கும் பஸ்ஸில் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணை, விசாரணையில ஒரே விசயத்தை எத்தினை தரம் கேட்டவங்கள். நான் ஒரு சொல் மாத்தேல்லை. இந்த மனிசி ஒருக்காக் கேட்டுப்போட்டு விட்டிட்டுது. அண்டையிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை."

துவக்கு மாமி என்ற பெயர் அதற்குப் பிறகு எங்கள் அறையில் கேட்கவில்லை.

நான் அந்தப் பட்டறையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். இப்போது ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மருந்து அடுக்குகிறேன். ஒரு குளிசை கை தவறிப் பக்கத்துக் கிண்ணத்தில் விழுந்ததோ என்ற ஐயம் வந்தால் இரண்டு கிண்ணத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து அடுக்குவேன். வயதானவர்களிடம் காலைக் குளிசை எடுத்தீர்களா என்று ஒரு தரம் கேட்பேன். அதற்குமேல் அவர்களைக் கேட்பதில்லை, பெட்டியைத் திறந்து பார்ப்பேன். புதிதாக வந்த தாதி ஒருத்தி, நீங்கள் அவர்களை நம்பவில்லையா என்று கேட்டாள்.  நான் அவர்களைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருக்கிறேன். முதல் முறை மறந்துபோய்ச் சொன்ன ஒன்றை, இரண்டாம் முறை வெட்கத்துக்காகச் சொல்லாதபடி.

இன்னும் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. மறு ஆண்டு கோடையில் அந்த வேட்டைக்காரர் திரும்பவும் வந்தார். யாரோ உறவினர் மூலம் மூலக்கோதுகளைத் தானே தேடிப் பிடித்து, ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் முதலாளி கடைச்சல் இயந்திரத்தில் நின்றார்.

"இந்த முறை சூடு காட்டப்போறது ஆர்?" என்று வேட்டைக்காரர் கேட்டார்.

"அவர்," என்று யோகன் பக்கம் தலையைக் காட்டிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

வேட்டைக்காரர் பையின் முடிச்சைப் பிடித்தபடி நின்றார். யாரும் அவருக்கு உதவவில்லை. யோகன் தன் பெரிய வாயை மூடிக்கொண்டு நின்றான். அவனுடைய இரண்டாவது விசாரணை முடிந்து, பதில் இன்னும் வராத காலம் அது. வேலை இருக்கிறது என்ற ஒன்றைத்தான் அவன் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த மனிதர் முடிச்சை அவிழ்த்து, யோகன் சேர்த்துப் பிடித்த இரண்டு கைகளிலும் கோதுகளைக் கொட்டினார். கொள்ளாமல் ஒன்று கீழே விழுந்து இயந்திரத்துக்கு அடியில் உருண்டது. வேட்டைக்காரர் முழங்காலில் இறங்கி, வெளுத்த கையை உள்ளே விட்டுத் துழாவி, அதை எடுத்துச் சட்டைக் கையால் துடைத்து யோகனிடம் நீட்டினார்.

யோகன் மற்றவற்றை மேசையில் வைத்துவிட்டு அதை விளக்கின் கீழ்ப் பிடித்தான். உருட்டினான். வாயைச் சுற்றி விரலை ஓட்டினான். கம்பியை உள்ளே விட்டுத் தடவினான். நான் பார்த்த வரையில் அதில் ஒன்றுமில்லை. அவன் மறுபடி உருட்டினான்.

"எனக்குத் தெரியேல்லை," என்று அந்த மனிதரிடம் ஜேர்மனில் சொன்னான்.

வேட்டைக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப அதை வாளியில போடுங்கோ," என்றார். "மிச்சம் உங்களிட்ட இருக்கட்டும்."